சிலீப்பர் கட்டை அபிப்பிராயங்கள்

யாராவது "என் அபிப்பிராயம் என்னன்னா" என்று ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரியும். எழுந்து உள்ளே போய்விடுவேன். "அம்மாவுக்கு நியூஸ் பேசினா ஆகாது" என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். நியூஸ் எனக்கு ஆகும். அதை வாயில் போட்டு மென்று துப்புகிறவர்கள்தான் ஆகாது.

கல்யாணமாகி விழுப்புரத்து ரயில்வே குடியிருப்புக்கு நான் வந்தபோது, எங்கள் வரிசையில் பேப்பர் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெண்களில் மட்டும் இல்லை, மீசை வைத்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திண்டிவனம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தேன். என் வீட்டுக்காரர் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். வண்டி காலியானதும் பெட்டிகளில் யாராவது விட்டுவிட்டுப் போன தமிழ்ப் பேப்பர் கிடந்தால், சட்டைக்குள் மடித்து எடுத்து வருவார். கரிக்கை பட்டுப் பாதி எழுத்து கறுத்திருக்கும். மீதியை நான் படிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வாகை மரம். அதன் கீழே, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து பழசாகிக் கழித்துப்போட்ட சிலீப்பர் கட்டைகள் கிடந்தன. பொழுது சாய்வதற்கு முன்னால் அங்கே மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் என் மாமனார், தண்டவாள கேங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பக்கத்து வரிசையில் இருந்த, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர். மூன்றாமவரை எல்லோரும் பஸ்ராக்காரர் என்றுதான் சொல்வார்கள். முதல் உலகச் சண்டையின்போது கூலிப் பட்டாளத்தில் அரபு தேசத்து பஸ்ராவுக்குப் போய் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர். அங்கே கொடுத்த பட்டாளத்துக் கோட்டு ஒன்றைச் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். கப்பல் ஏறி வந்தவர் என்பதால் உலகத்தில் எதைப் பற்றியும் கடைசி வார்த்தை அவருடையது.

நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து படிப்பேன். அவர்கள் அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றபடி கேட்பார்கள். ஒரு செய்தி முடிவதற்குள் மூன்று அபிப்பிராயம் வந்துவிடும். ரேடியோ என்று ஒரு பெட்டி வந்திருப்பதைப் படித்தால், "காத்துல வர்ற பேச்சு காத்தோட போயிடும், அத்த நம்பி யாராச்சும் துட்டு போடுவானா?" என்பார் பஸ்ராக்காரர். அம்மைக்கு ஊசி போடுவது பற்றி இருந்தால், ஊசி போட்டதால்தான் அம்மை வருகிறது என்று என் மாமனார் சாதிப்பார். மதுரைப் பக்கம் கோயிலுக்குள் எல்லாச் சாதியும் போகலாம் என்று திறந்துவிட்ட செய்தியைப் படித்த அன்று பாயிண்ட்ஸ்மேனுக்குப் பெரிய மனசு வந்துவிட்டது. "வரட்டுமேங்க. சாமி என்னா கடிச்சிடுமா?" என்றார். சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தார். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர் தொண்டையில் ஒருநாளும் இறங்கியதில்லை. அவர் கிடக்கட்டும். "நம்ம வேதத்துல சாதியே இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திய என் மாமனாருக்கு, எங்கள் கிறிஸ்தவ சபையிலேயே யார் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று இருந்தது கண்ணில் படவே இல்லை.

என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் படிக்கிற குழாய். கடைசியில் அவர்கள் எழுந்து போனதும் மல்லாட்டைத் தோலைக் கூட்டி அள்ள வேண்டியதும் நான்தான். பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகிறார்கள், நமக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போதெல்லாம் இருந்தேன்.

எனக்கு ஒரே தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அம்மா திண்டிவனம் மண்டிகளில் மல்லாட்டை உடைத்துப் படிக்கவைத்த பிள்ளை. படிப்பு முடிந்ததும் கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. போய்வர ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தான். மேல்சாதிக்காரர்கள் இருக்கிற ஊர்த்தெரு வந்தால் எங்கள் ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஒருநாள் மழைக்குப் பயந்து இறங்காமல் போய்விட்டான். அந்தத் தெருக்காரர்கள் சைக்கிளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள். அவன் கன்னத்தில் விழுந்த அறையை அவன் எங்களிடம் சொல்லவில்லை. கூட வந்த வேறொரு வாத்தியார் சொன்னார்.

அதற்கப்புறம் அவனுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் எழுதியிருந்தார். ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஜப்பான்காரன் எந்தப் பக்கம் பாய்வானோ என்று பேப்பரில் தினம் ஏதாவது இருந்தது. அம்மா, "கடல் தாண்டிப் போவாதடா" என்று அழுதாள். அவனுக்குப் போகவும் ஆசை, பயமும் இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டு முடிவு பண்ணலாம் என்று விழுப்புரம் வந்தான். பாவி மகன் என்னிடம் மட்டும் கேட்டிருந்தால் என்ன!

சாயங்காலம் சிலீப்பர் கட்டையில் அவனையும் உட்காரவைத்து, கையில் மல்லாட்டையைக் கொடுத்தார்கள். "சிங்கப்பூர்ப் பக்கம் சண்டை வருமா மாமா?" என்று கேட்டான்.

பஸ்ராக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இருடா தம்பி" என்று எழுந்து வீட்டுக்குப் போய், தன் பேரன் வைத்து விளையாடிய தகர ஏரோப்ளேன் ஒன்றை எடுத்துவந்தார். திருவிழாக் கடையில் வாங்கியது. அந்தக் காலத்தில் சீப்பு, கண்ணாடி, பொம்மை என்று மலிவாக வருவதெல்லாம் ஜப்பான் சாமான்தான். காலையில் வாங்கினால் சாயங்காலம் உடைந்துவிடும். எங்களுக்கு ஜப்பானைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

"பாத்துக்க. இதான் ஜப்பான்காரன் ஏரோப்ளேன்" என்று சொல்லி இறக்கையை இரண்டு விரலால் மடித்தார். அது கருவாட்டுச் செதில் போல மடங்கியது. "இவன் வெள்ளைக்காரங்கூட சண்டைக்கு வருவானா? சிங்கப்பூரு கல்லுக்கோட்டைடா. நான் கப்பல்ல போனவன் சொல்றேன், தைரியமா போ."

எல்லோரும் சிரித்தார்கள். பாயிண்ட்ஸ்மேனுக்குப் புரையேறியது. என் தம்பியும் சிரித்தான். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தான்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "சீனாவுல குண்டு போட்டு ஊரே எரிஞ்சி போச்சின்னு போன வருஷம் நாந்தான படிச்சேன்? அந்த ஏரோப்ளேனும் தகரந்தானா?" என்றேன்.

என் மாமனார் திரும்பிப் பார்த்தார். "படிக்கச் சொன்னா படி. ஆம்பிளைங்க பேசிக்கினு இருக்கும்போது நடுவுல என்னா?"

என் வீட்டுக்காரர் குனிந்து மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அப்பன் எதிரில் வாய் திறக்க மாட்டார்.

உள்ளே வந்ததும் தம்பியிடம் சொன்னேன். "டேய், அந்த ஆளு மூட்டை தூக்கப் போனவரு. அவருக்கு என்னாடா தெரியும்?"

"இல்லக்கா. நாலும் தெரிஞ்சவங்க. அங்க போனா யாரும் சைக்கிள வுட்டு எறங்குன்னு சொல்ல மாட்டாங்கக்கா" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? இறங்காமல் போகிற தெரு ஒன்றை அவனுக்குக் காட்ட என்னிடம் இருந்ததா?

நாகப்பட்டினத்துக்குப் போகிற வண்டியில் விழுப்புரம் ஜங்ஷனில்தான் ஏற்றிவிட்டோம். அங்கிருந்து கப்பல். பஸ்ராக்காரரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்து, கப்பலில் வாந்தி வந்தால் ஊறுகாய் சப்பு என்று யோசனை சொன்னார். பினாங்கிலிருந்து தம்பி போட்ட கடிதத்தில், "அக்கா, புது சைக்கிள் வாங்கிவிட்டேன். தோட்டத்துக்குள் எங்கேயும் இறங்காமல் போகிறேன்" என்று எழுதியிருந்தான். அம்மாவுக்குப் படித்துக் காட்ட அதைத் திண்டிவனத்துக்கு எடுத்துப் போனேன். அம்மா மறுபடியும் மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

சிங்கப்பூர் விழுந்தது அடுத்த மாசியில். பேப்பரை விரித்ததும் பெரிய எழுத்தில் இருந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, வாய் வரவில்லை.

"என்னாம்மா, எழுத்து அழிஞ்சி போச்சா?" என்றார் மாமனார்.

படித்தேன். சிங்கப்பூர் சரணாகதி என்று படித்தேன். ஒரு மல்லாட்டை உடைகிற நேரம், அவ்வளவுதான். அதற்குள் பஸ்ராக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் அப்பவே சொன்னேன். ஆளு குள்ளனா இருந்தாலும் ஜப்பான்காரன் கெட்டிக்காரன்."

"எப்ப சொன்னீங்க?" என்று கத்தினேன். பக்கத்து வரிசைப் பெண்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "எப்ப சொன்னீங்க? அந்த ஏரோப்ளேன ஒடிச்சிக் காட்டனீங்களே, அப்பவா?"

"புள்ளைக்குத் தம்பி நெனப்பு" என்று அவரே பெரிய மனதோடு மாமனாரைச் சமாதானப்படுத்தினார். எனக்கு அவரை அந்தக் கோட்டோடு அப்படியே கிணற்றில் தள்ள வேண்டும் போல இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியாகி வந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிற கூட்டத்தில் நடக்க வழியில்லை. ஜனங்கள் அம்மி, குழவிகூட விடாமல் தூக்கிவந்தார்கள். மூன்று பேரும் பிளாட்பாரத்துக்கே போய் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எங்கே பதுங்கினால் பத்திரம் என்று அபிப்பிராயம் வழங்கினார்கள். மலேயாவிலிருந்து கடிதம் மட்டும் வரவில்லை. கடல் அந்தப் பக்கம் மூடிவிட்டது. திண்டிவனம் போகும்போதெல்லாம் அம்மா கேட்பாள், "பேப்பர்ல எதுனா போட்டானா?" அம்மாவின் எண்ணத்தில், யாரோ ஒருவன் உட்கார்ந்து எல்லோரையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். என்றைக்காவது ஒருநாள் அவள் மகன் முறை வரும்.

சண்டை முடிந்தது. ஒரே குண்டில் ஒரு ஊர் போயிற்று என்று படித்த அன்று, "புளுகறான். அவ்ளோ பெரிய குண்ட எந்த ஏரோப்ளேன் தூக்கும்?" என்றார் பஸ்ராக்காரர். நான் அடுத்த செய்திக்குப் போனேன். கப்பல் எப்போது விடுவார்கள் என்பதைத்தான் என் கண் தேடியது.

கப்பல் விட்டார்கள். அதில் வந்த ஒருவர் திண்டிவனத்தில் விசாரித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தார். ஆள் அனுப்பினார்கள், போனேன். என் தம்பியோடு அதே தோட்டத்தில் இருந்தவர். காலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தது. உட்காரச் சொன்னோம். அவர் நின்றுகொண்டே சொன்னார். ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களையெல்லாம் லாரியில் ஏற்றி சயாம் காட்டுக்குக் கொண்டுபோனானாம், ரயில் பாதை போட. கிராணி, கூலி என்று பார்க்கவில்லையாம். மழைக் காலத்தில் காலரா வந்ததாம். "குழி வெட்டறதுக்குக்கூட தெம்பில்லம்மா. சேத்து வெச்சி எரிச்சாங்க" என்றார். அவனைப் பிடித்துப் போகும்போது சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார். அங்கேயும் இறக்கிவிட்டார்கள், என் தம்பியை.

அம்மா அடுத்த நாள் மண்டிக்குப் போய் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தாள்.

நான் விழுப்புரம் திரும்பி மாமனாரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு, "காட்டுல பாதை போடறது பேஜாரும்மா. சரளைக் கல்லு கெடைக்காது. ஈர மண்ணுல சிலீப்பர் நிக்காது" என்றார். என் தம்பியின் பிணம் எரிந்த பாதைக்கு அவரிடம் சரளைக் கல் அபிப்பிராயம் இருந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில நாள் பேப்பர் படிக்கவில்லை. அவர்களும் விட்டார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் மாமனார் வாகை மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். "வெள்ளைக்காரன் போறான்றாங்க, நாட்ட ரெண்டா பிரிக்கணும்றாங்க, ஒண்ணுமே தெரியல. வந்து படிம்மா."

போனேன். படியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்துத் தைல விளம்பரம்வரை, ஒரு பத்தி விடாமல் மனதுக்குள்ளேயே படித்தேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்து மடித்து மடியில் வைத்தேன்.

"ஒண்ணும் போடல மாமா."

"ஒண்ணுமேவா?" என்றார் பஸ்ராக்காரர். "அம்மாம் பெரிய பேப்பர்ல?"

"எந்தம்பியப் பத்தி ஒண்ணும் போடல."

மல்லாட்டை அப்படியே இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. பஸ்ராக்காரர் கோட்டுப் பித்தானைத் திருகினார். பாயிண்ட்ஸ்மேன் தன் சொம்பைப் பார்த்தார். அன்றைக்கு ஒருவருக்கும் அபிப்பிராயம் இல்லை.