கேம்பிங் டிரெய்லருக்கு ஜெனரேட்டர் வேண்டுமா?

ஆலையில் இருபது வருடம் மின்பராமரிப்பு பார்த்த நான், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேம்பிங் டிரெய்லருக்கு ஜெனரேட்டர் வேண்டுமா என்று ஒரு மாதம் யோசித்தேன். அப்படியும் தப்பாகத்தான் முடிவெடுத்தேன். மனைவி கேட்டது சத்தமில்லாத இரண்டு நாள் மட்டும். "ஒரு லைட்டு, ஒரு ஃபேன். அதுக்கு பேட்டரி போதாதா?" என்றாள். நானோ ஆலை வழக்கப்படி ஏசி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதாக லோடு கணக்குப் போட்டு, அதற்கும் மேல் ஒரு பங்கு கூட்டி, பெரிய ஜெனரேட்டராகவே வாங்கினேன்.

குளிர் ஊரான தளியில் நண்பரின் நிலத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏசியை ஓட்டினேன். மனைவி சத்தம் தாங்காமல் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். எரிச்சலோடு ஜெனரேட்டரை அணைத்தபோது, பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர் வேலியோரம் நின்றிருந்தார்.

"போர் போடற சத்தம் கேட்டு வந்தனுங்க சார். நிறுத்திட்டீங்களே, தண்ணி வந்துடுச்சா?"