சிலுவையில் நிற்காத பெயர்

“படிச்ச புள்ள நீ. நீயே இப்படிச் சொன்னா எப்புடி?” என்று அத்தான் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. ஆவி, கீவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா கொத்தனார், எழுத்துத் தெரியாது. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் காரைக்காலில் கல்லறைகளுக்கு அவர் சுண்ணாம்பு அடிப்பார், மறைந்துபோன பெயர்களை நான் கறுப்புப் பெயிண்டால் திரும்ப எழுதுவேன். எட்டு வயதிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு.

சைகோன் சாமியார் கல்லறைக்குள் உடல் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு வியட்நாமில் சைகோன் பக்கம் சண்டைக்குப் போன குருவானவர் அவர். படை பின்வாங்கியபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத காயக்காரர்களோடு அங்கேயே தங்கிவிட்டாராம். திரும்பவில்லை. அவருக்கென்று உறவு யாரும் இல்லை, அதனால் அந்த ஒரு கல்லறைக்கு மட்டும் அப்பா கூலி கேட்பதில்லை.

போன வருஷம், பட்டப்பகல் மூன்று மணி. சிலுவையில் அவர் பெயரைப் பென்சிலால் கீற ஆரம்பித்தேன். பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

“என் பேரு கெடக்கட்டும்மா. முதல்ல அவங்க பேரை எழுதிக்க.”

யாரோ பெரியவர் என்றுதான் நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், டிக்டேஷன் எழுதிப் பழகிய கை, திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே பீடத்தில் எழுதிக்கொண்டே போனது. ஊர், அப்பா பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் என்று ஏழு பேர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். எழுதி முடித்துத் திரும்பினால் ஆள் இல்லை. பத்தடி தள்ளிச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த அப்பா, யாருமே வரவில்லையே என்றார். பென்சிலில் எழுதிய அந்த ஏழு பெயர்களின் மேலும், சிலுவையில் சாமியார் பெயரின் மேலும் அன்றைக்கே பெயிண்ட் அடித்தேன்.

முதல் பெயர், குரும்பகரம் வேலாயுதம் மகன் சிட்டு. பயத்தில் ஒரு மாதம் தள்ளிப்போட்டு, பிறகு விசாரித்துக்கொண்டு போனேன். வேலாயுதத்தின் மகள் இருந்தார், எண்பது வயதைத் தாண்டியவர். அண்ணன் சைகோன் போனவர். சாவுச் சேதி வராததால் அதுவரை தெவசம்கூடக் கொடுக்கவில்லை. பட்டாளத்தில் கொடுத்த பெயர் கலியபெருமாள். சிட்டு என்று அவர்கள் அம்மா மட்டும்தான் கூப்பிடுவாராம்.

அந்தப் பாட்டி அழவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எங்கண்ணன் தனியாவா செத்துச்சு?”

“இல்லைங்க. சாமியார் கூட இருந்தாரு.”

அதைச் சொன்னபோது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. தை அமாவாசைக்கு அந்த வீட்டில் முதல்முறையாக எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. பீடத்தில் எழுதிய ஏழு பெயர்களும் மழைக்காலம் முழுக்க நனைந்தும் அப்படியே இருக்கின்றன. அதே டப்பா, அதே பிரஷ், அதே நாளில் எழுதிய சாமியார் பெயர் மட்டும் முதல் மழையிலேயே போய்விட்டது. மூன்று தடவை எழுதிவிட்டேன், நிற்கவில்லை. அப்பா பெயிண்டைக் குறை சொல்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான்காவது தடவை எழுதவில்லை. இரண்டாவது பெயர், கோட்டுச்சேரி சவரிமுத்து மகன் ராசு. இதைப் பேருந்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கோட்டுச்சேரிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.