ஒரே ஒரு தேனீ

எனக்கு ஒன்பது வயது. மிளகு பறிக்கும் மாசி மாதத்தில் என் சின்னம்மாவை ஒரு தேனீ கொட்டியது. ஒரே ஒன்று. அதே மரத்தடியில் நின்றிருந்த என்னை மூன்று கொட்டின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மலைமேல் பெரக்கரை நாட்டில் இருந்த எங்கள் மிளகுக் காட்டுக்கு ஆள் போதாத நாட்களில் பக்கத்து ஊரிலிருந்து வந்துவிடுவாள். ஏணியில் ஏறிவிட்டால் மேலே இருந்தபடியே ஊராரைப் போலப் பேசிக்காட்டுவாள். ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், என் அப்பா என்று எல்லாருடைய குரலும் அவளுக்கு வரும்.

முந்தைய வருடமும் அவளைத் தேனீ கொட்டியிருந்தது. அப்போது கை முழங்கை வரை வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு வந்து இரண்டு நாளில் அடங்கியது. தடித்துப்போன அவள் முகத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். "ஒருக்கா கொட்டு வாங்கிட்டா அப்பறம் உடம்புக்குப் பழகிரும்" என்றார் அப்பா. அதனால் இந்த முறை யாரும் பதறவில்லை. அம்மா கொடுக்கைப் பிடுங்கி, எங்கள் இருவருக்கும் சுண்ணாம்பு தடவிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

சின்னம்மா உள்ளங்கையைச் சொறிந்தாள். பிறகு கழுத்தை. உதடு தடித்தது.

"அக்கா, தொண்டைக்குள்ள என்னமோ அடைக்குது."

குரல் ஆண்குரலாய்க் கரகரத்தது. அவள் யாரையோ பேசிக்காட்டுகிறாள் என்று நினைத்து நான் கைதட்டினேன். "கண்டக்டர்! கண்டக்டர்தானே?"

"இல்ல கண்ணு" என்றாள். என்னிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அது.

அப்பா ரோட்டுக்கு ஓடினார். வாழைத்தார் ஏற்ற வந்திருந்த சேந்தமங்கலத்து வியாபாரி ஒருவர் ஜீப்போடு நின்றிருந்தார். "தாரெல்லாம் கெடக்கட்டுங்க, அந்தம்மாவ ஏத்துங்க" என்று ஏற்றியதையெல்லாம் அவரே இழுத்துக் கீழே தள்ளினார். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வளைவுக்கு வளைவு ஜீப் சாய்ந்தது. சின்னம்மா காற்றை இழுக்கிற சத்தம் விசில் போலக் கேட்டது. பாதி மலை இறங்கியபோது அதுவும் நின்றது. வியாபாரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். அவர் சின்னம்மாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மறுநாள் அப்பா பந்தம் கட்டிப் போய் அந்த மரத்திலிருந்த தேன்கூட்டைக் கொளுத்தினார்.

அவளைக் கொன்றது விஷம் இல்லை என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். முதல்முறை கொட்டியபோதே அவள் உடம்பு அந்த விஷத்தைப் பகையென்று குறித்து வைத்திருந்தது. அடுத்த முறை ஒரு துளி உள்ளே போனதும், அதை விரட்டுவதற்காகத் தன்னையே வீங்கவைத்து, மூச்சு போகிற வழியை அடைத்துக்கொண்டது. அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தது. பழகிவிடும் என்று நாங்கள் நம்பிய உடம்பு அந்த ஒரு வருடமும் வேறொன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள், மலைமேல் இருந்த சிறிய ஆஸ்பத்திரியின் நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்:

"எங்கிட்ட கொண்டாந்திருக்கலாமுங்களே. பத்து நிமிசந்தானுங்க. அதுக்குன்னு ஊசி இருந்துச்சுங்க."

கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது என்று ஜீப்பை அங்கே விடச் சொன்னவள் அம்மாதான். எனக்கு அது எட்டவில்லை. நர்சம்மா அம்மாவை ஏதோ திட்டுகிறார், அம்மாவுக்காக நான் பேசவேண்டும் என்று மட்டும் தோன்றியது. முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன்:

"சின்னம்மாவுக்கு ஊசின்னா பயமுங்க. போட்டுக்கவே மாட்டாங்க."

அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், நான் சொன்னதை நர்சம்மா நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.