கடிகாரம் இருந்த சுவர்

தல்லாகுளத்தில் ஒரு மாடியறையில் குழந்தைகளுக்கு மனநலச் சிகிச்சை கொடுத்து வருகிறேன். முகத்தாலும் கையாலும் உட்காரும் விதத்தாலும் குழந்தையோடு பேசுவதுதான் இந்தத் தொழிலில் பாதி. கல்லூரிகளில் கூப்பிட்டால், பேசாமலே பேசுவது எப்படி என்று இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவேன். கை தட்டுவார்கள்.

தலையை லேசாகச் சாய்க்க வேண்டும். மெல்ல மூன்று முறை ஆட்ட வேண்டும். உதட்டோரம் ஒரு சிரிப்பு. பல் தெரியக் கூடாது. வீட்டில் இதைச் செய்தால் என் மகள், "அம்மா, அந்த ஆஸ்பத்திரி மூஞ்சிய மாத்து" என்பாள். அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவேன்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் ஆறு வயது மகளைக் கூட்டி வந்தார். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. வெளியாட்கள் முன்னால் ஒரு சொல் பேசாது. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் என்றுகூடச் சொன்னதில்லை.

"முழுப்பரீட்சைக்குள்ள வாயத் தொறக்கலன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க, டாக்டரம்மா."

நான் டாக்டர் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டரம்மா" என்றார்.

குழந்தைக்கு என் மேல் பயம் வரக் கூடாது என்று நான் பாயில் உட்கார்ந்தேன். அந்த அம்மா நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். "நீங்க கீழ இருக்கையில நான் மேல உக்கார்றதா?" பாயில் உட்கார்ந்தாலும் எனக்குச் சமமாகிவிடுமே என்று வெறுந்தரைக்குப் போனார். காலியான நாற்காலியில் மகள் ஏறி உட்கார்ந்து எங்கள் இருவரையும் குனிந்து பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து அம்மாவை வெளியே உட்கார வைத்தேன். நாற்காலியை மகள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆறு வாரம் போனது. அவள் மேலே, நான் கீழே. நான் சாய்த்தேன், ஆட்டினேன், சிரித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வாரமும் நாங்கள் வெளியே வந்ததும் அந்த அம்மா, "எதுவும் பேசுச்சா?" என்று கேட்பார். "கொஞ்சம் பொறுங்க" என்பேன். திரும்பிப் போகிற அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நோட்டில் எதையாவது எழுதுவேன்.

ஏழாவது வாரம் அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். பொம்மைச் சிங்கத்தை அதில் உட்கார வைத்தாள். என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, என் இடத்தில் பாயில் சம்மணம் போட்டாள். தலையைச் சாய்த்தாள். மூன்று முறை ஆட்டினாள். பல் தெரியாமல் சிரித்தாள். பிறகு சிங்கத்தின் தலைக்கு மேலே சட்டென்று ஒரு பார்வை, மறுபடி அதே சிரிப்பு.

சிங்கத்தின் தலைக்கு மேலே கடிகாரம் இருந்தது. நேரம் பார்ப்பது தெரியாமல் இருக்க, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கடிகாரம் மாட்டுவது எங்கள் தொழில் வழக்கம். நானே ஆணி அடித்து மாட்டியது. ஆறு வாரமாக அந்தக் குழந்தை என்னிடம் படித்த பாடம் அதுதான். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று சாயங்காலமே கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த வாரம் வந்தாள், நாற்காலியில் ஏறினாள். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் மிகுந்த கவனத்தோடு அவளையே பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். என் கண் பழைய இடத்துக்குத் தானாகப் போய்விட்டது.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். வெறும் ஆணி. என் பக்கம் திரும்பினாள்.

"அங்கன ஒண்ணுமில்ல" என்றாள்.

நான் தலையாட்ட மறந்தேன். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்ததில் என் முகம் என்ன ஆனதென்று எனக்கே தெரியாது. அவள் மட்டும் அதை ரசித்துப் பார்த்தாள்.

கதவைத் திறந்து, "பேசிட்டா" என்றேன்.

அந்த அம்மா எழுந்து ஓடி வந்தார். "என்ன டாக்டரம்மா சொல்லுச்சு?"

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சுவரைக் காட்டி, "அங்கே ஒண்ணுமில்லைன்னு சொன்னா" என்றேன்.

அவர் உள்ளே எட்டி, அந்தச் சுவரை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, ஒண்ணுமில்லதான" என்றார். "எம்புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு."