சுடலை இல்லாத புத்தகம்

ஜெகதாம்பாள் சோற்றைத் தள்ளி வைத்து அன்றோடு இரண்டு நாள். எல்லாம் ஒரு முழ நூலால் வந்த வினை.

சிங்கப்பூருக்குக் கடை வேலைக்குப் போன மகன் வைத்திலிங்கத்திடமிருந்து பதினாலு மாதமாகக் கடுதாசி இல்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தான், தபால் நின்றது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. மனசு தாங்காதவர்கள் திருமழபாடியில் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். கோயிலில் சாமி முன்னால் பதிகப் புத்தகத்தை மூடி வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏடுகளுக்கு நடுவே ஒரு நூலை நுழைக்க வேண்டும். நூல் விழுந்த பக்கத்தில் எந்தப் பாட்டோ அதுதான் சாமியின் பதில். கயிறு சாத்துவது என்று இதற்குப் பேர்.

ஜெகதாம்பாளின் கயிறு விழுந்த பாட்டில் சிவபெருமான் சுடலையில் ஆடிக்கொண்டிருந்தார். ஓதுவார் அமிர்தலிங்கம் ராகத்தை இழுத்து முடிப்பதற்குள் அவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சுடலைன்னு சாமியே சொல்லிட்டாரு. இனிமே இந்த வாய்க்கு என்ன சோறு?" என்றாள். சுவரைப் பார்த்துப் படுத்தாள். தண்ணீர் மட்டும் குடித்தாள்.

வீட்டில் மிச்சமிருந்தது மகள் தனம். வயது பதினாறு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வாத்தியார் நாற்காலியில் பசை தடவியது யார் என்பதில் அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அபிப்பிராய பேதம். ஆறு மாதத்துக்கு முன்னால் வேலிக்குப் பின்னால் நின்று தபால்காரர் குரலில் "தபாலேய்!" என்று கூவினாள். ஈரக் கையோடு ஓடிவந்த அம்மா வாசலில் விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தனம் வீட்டில் விளையாட்டுக் காட்டுவதில்லை. ஊரோடு நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, அது கோயில் புத்தகம். ஊருக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருக்கும்" என்றாள். "நம்ம வூட்டுக்குன்னு ஒண்ணு நான் பண்றேன். சாமி பாதத்துல வெச்சு எடுத்துட்டு வந்து, மறுபடி சாத்திப் பாரு."

ஜெகதாம்பாள் திரும்பாமலே சொன்னாள். "பண்ணு. அதுலயும் அதே வந்தா என்னை விட்டுடு."

அதிலும் அதே வராமல் பார்த்துக்கொள்வதுதான் தனத்தின் திட்டம்.

புத்தகம் அம்மாவின் சுருக்குப்பையில் அடங்க வேண்டும். எப்போது பயம் வந்தாலும் எடுத்துக் கயிறு சாத்திக்கொள்ள வசதி. சேற்றில் விழுந்தாலும், வேர்வையில் ஊறினாலும், கொள்ளிடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாலும் பிரியக்கூடாது. யுத்த காலத்தில் காகிதத்துக்கு எங்கே போவது? சுவரில் தொங்கிய கடுதாசிக் கம்பியைக் கழற்றினாள். செத்த வீட்டுக் கடுதாசியைப் படித்ததும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் கம்பியில் குத்தியிருந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை. இருபத்துநாலு தேறியது. அச்சடித்த பக்கம் உள்ளே போக இரண்டிரண்டாக ஒட்டினால் பன்னிரண்டு கனத்த ஏடு. ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் இரண்டு ஜோடி மாப்பிள்ளையும் பெண்ணும் மூச்சு முட்டிக் கிடந்தார்கள்.

புளியங்கொட்டையை வறுத்து இடித்துப் பசை காய்ச்சினாள். பூச்சி தின்னாமலிருக்க வேப்பிலைச் சாறு ஊற்றினாள். அட்டைக்கு அண்ணனின் பழைய சட்டைத் துணியை நாலு மடிப்பாக ஒட்டி அம்மிக் கல்லுக்கு அடியில் அழுத்தினாள். தைப்பதற்கு நூல் கேட்டு ஆற்றங்கரைக்குப் போனாள். மீன் பிடிக்கிற கொளஞ்சி அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"வலைக் கயிறு எதுக்கு ஆயி? இந்தத் தடவை எந்த வாத்தியாரைக் கட்டிப் போடப் போற?"

"சாமியை."

"அவரு அகப்படுவாரா?"

"அகப்படலேன்னா எங்கம்மா செத்துடும், மாமா."

கொளஞ்சி சிரிப்பை நிறுத்தினார். இருந்ததில் நல்ல கயிறாக இரண்டு முழம் அறுத்து, தேன்மெழுகு தேய்த்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் கடுக்காய் மையோடு உட்கார்ந்தாள். செத்துப்போன அப்பாவின் பதிகப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல பாட்டாகப் பொறுக்கினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பாட்டில் சுடலை, இல்லையென்றால் மண்டையோடு, அதுவும் இல்லையென்றால் எலும்பு மாலை. கொன்றைப் பூவும் பிறை நிலாவும் வரும். கூடவே பிணம் எரியும். சாமிக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்தாள். பொறுக்கினால் பன்னிரண்டு ஏடு நிரம்பாது. அதனால் பாட்டை எடுத்து வரியை விட்டாள். எரிகிற இடம் வந்தால் தாண்டினாள். மறுபடி பூ, நிலா, ஆறு. உள்ளே அம்மா முனகும்போதெல்லாம் எழுத்து கோணியது.

ஐந்தாம் நாள் காலையில் சந்நிதியில் வைத்து எடுத்து வந்தாள். ஜெகதாம்பாளால் எழுந்து உட்கார முடியவில்லை. சுவரில் சாய்த்து, கையில் நூலைக் கொடுத்துக் கையைப் பிடித்தாள் தனம். நூல் விழுந்தது. பிரித்துப் படித்தாள். கொன்றை மாலை, குளிர்ந்த பிறை, அப்புறம் ஆற்று நீர்.

"பாத்தியா? நல்ல வாக்கு. அண்ணன் வந்துடுவான்."

ஜெகதாம்பாள் கண்ணைத் திறந்தாள். எழுத்து தெரியாதவள்தான். ஆனால் முப்பது வருஷம் கோயிலில் நின்று காதால் கேட்டவள்.

"நிலாவுக்கும் ஆத்துக்கும் நடுவுல சுடலை வருமே. ஏண்டி முழுங்கிட்ட?"

தனம் புத்தகத்தைப் படக்கென்று மூடினாள்.

"புத்தகம் முழுக்க இப்படித்தானா?"

"ஆமா." அழுகை முட்டியது, கத்தலாகத்தான் வந்தது. "முழுக்க விட்டுட்டேன். என்ன பண்ணச் சொல்ற? எங்க பாத்தாலும் அதேதான் இருக்கு! இந்தா, அப்பா புத்தகம். நீயே சாத்து."

அம்மாவின் கையைப் பிடித்து மூன்று தடவை நூலை நுழைத்தாள். முதலில் சுடலை. அடுத்து மண்டையோடு. மூன்றாவதும் சுடலை.

"ஓதுவாரு பொண்ணு கல்யாணத்துக்குச் சாத்தினப்பவும் இதான் வந்துச்சாம். அவ மூணு புள்ள பெத்துட்டு குண்டா இருக்கா. சாமி குடியிருக்கற எடம் அதும்மா. அவரு வூட்டு விலாசத்தைச் சொன்னா, நம்ம அண்ணன் செத்துட்டான்னு அர்த்தமா?"

"அப்ப உசுரோட இருக்கான்னு அர்த்தமா?"

"தெரியாது" என்றாள் தனம். அண்ணன் விஷயத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

ஜெகதாம்பாள் கையை நீட்டி மகள் தைத்த புத்தகத்தை வாங்கினாள். தையலை இழுத்துப் பார்த்தாள். அட்டைத் துணியைத் தடவினாள். அது மகன் சட்டை என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"சாமி பாட்டுல பொத்தல் போடக்கூடாதுடி. மையை எடு. விட்டதெல்லாம் எழுது. நான் சொல்றேன்."

ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். குரல் காற்றாகத்தான் வந்தது. தனம் ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுதினாள். நாலாவது ஏட்டில் அம்மாவுக்குத் தொண்டை கட்டியது.

"தண்ணி."

தனம் அடுப்படிக்குப் போனாள். காலையிலேயே வடித்து ஆற வைத்திருந்த கஞ்சியைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தாள். மூஞ்சியை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டாள்.

ஜெகதாம்பாள் ஒரு வாய் வாங்கினாள். விழுங்கவில்லை. மகளையே பார்த்தாள். துப்பிவிட்டால் தீர்ந்தது.

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"உப்பு போடலியாடி?"

தனம் உள்ளே ஓடினாள். அவசரத்தில் கைக்கு ஒரு பிடி உப்பு வந்தது, அத்தனையும் செம்புக்குள் போனது. ஜெகதாம்பாள் திட்டிக்கொண்டே குடித்தாள்.