ஜீப்புக்குக் கேட்ட லீவு

"அரசு வாகனத்தின் எந்த உறுப்பையும், எண்ணிக்கையிலோ அளவிலோ வடிவிலோ, தலைமை அலுவலகத்தின் எழுத்துமூலமான முன் அனுமதி இன்றி மாற்றலாகாது." எங்கள் இலாகாவின் வாகன விதிகளில் இது பதினோராவது. இந்த விதி எழுதப்பட்ட காலத்தில் இலாகாவுக்குச் சொந்தமாக இருந்த வாகனங்கள் இரண்டு மாட்டு வண்டிகள்தாம். ஒருமுறை காளைக்கு லாடம் மாற்ற இதே விதிப்படி அனுமதி கேட்டோம். அனுமதியும் கிடைத்தது. காளைதான் அதுவரை காத்திருக்கவில்லை.

நான் தூத்துக்குடியில் சங்கு, முத்து சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. சிப்பி இல்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பும் வேலை மட்டும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சங்கு குளிப்பு உண்மையாகவே நடந்தது. குளிப்பவர்கள் ஊருக்குத் தெற்கே மணல்கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அங்கே தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிதண்ணீர் ஊரிலிருந்து போக வேண்டும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அந்த வேலைக்காக எங்களுக்கு ஒரு ஜீப் ஒதுக்கினார்கள். ராணுவம் வேண்டாம் என்று கழித்த வண்டி. அதோடு ராணுவம் வேண்டாம் என்று அனுப்பிய டிரைவர் ஒருவரும் வந்து சேர்ந்தார். பர்மா எல்லையில் சேற்றிலும் மலையிலும் ஜீப் ஓட்டியவர். திரேஸ்புரத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வரும். அவரை நிரந்தரமாக்கக் கோரி நான் அனுப்பிய விண்ணப்பம் சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஏதோ ஓர் அலமாரியில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. தற்காலிக ஊழியர்களை நாற்பத்தெட்டாம் வருஷக் கடைசிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு மட்டும் விழித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது.

"மறுபடியும் துறைமுகத்துல மூட்டை தூக்க முடியாது சார். இடுப்பு பர்மாவுலயே போச்சு," என்பார் அவர்.

ஜீப்பின் இடுப்பும் அங்கேயே போயிருந்தது. நாற்பது காலன் பீப்பாய்கள் இரண்டை நிரப்பி ஏற்றினால் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் வளைவெல்லாம் போய்த் தட்டையாகிவிடும். மணல்மேட்டில் ஏறி இறங்கும்போது அச்சு போய் வண்டியின் அடிச்சட்டத்தில் இடிக்கும். ஒவ்வோர் இடிக்கும் அரைக் குடம் தண்ணீர் மணலுக்குப் போகும். ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். அந்த வண்டியில் பின்பக்கம் பக்கத்துக்கு ஒன்பது. பத்தாவதாக ஒன்றைச் செருகிவிட்டால் சுமையைத் தாங்கும் என்றார் டிரைவர். பட்டையை இங்கிலீஷில் 'லீஃப்' என்பார்கள். ராணுவம் அவருக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது. திரேஸ்புரம் அதைத் திருத்தியது.

"பின்னால ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு லீவு போட்டாப் போதும் சார். கல்லு மாதிரி நிக்கும்."

விதி பதினொன்று என்று சொன்னேன்.

"பர்மாவுல மரத்த வெட்டியே செருகியிருக்கோம் சார். எவன்கிட்டயும் கேக்கல."

"அதனாலதான் யுத்தம் ஆறு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. இங்க அப்படி அவசரப்பட முடியாது," என்றேன்.

இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். எங்கள் தட்டச்சர் நாசரேத்துப் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவர். எழுத்துப் பிழைக்கு அங்கே பிரம்படி உண்டு. அதனால் பிறர் பிழையைக் கண்டாலும் அவருக்குக் கை துடிக்கும். நான் 'லீஃப்' என்று எழுதியிருந்தேன். டிரைவரோ தினம் இரண்டு தடவை அவர் மேஜைக்கு வந்து, "அண்ணாச்சி, நம்ம லீவு காயிதம் அடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தட்டச்சர் என் பிழைக்கு இரங்கி, 'லீஃப்' வந்த இடத்திலெல்லாம் 'லீவ்' என்று திருத்திவிட்டார். ஸ்பிரிங் என்ற சொல்லுக்கும் அந்த வாக்கியத்தில் வேலை இருப்பதாக அவருக்குப் படவில்லை. எடுத்துவிட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது மேலதிகாரிகளின் உரிமை. அன்று அதை நானும் கொஞ்சம் அபகரித்துக்கொண்டேன்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. எங்கள் இலாகாவில் அது மின்னல் வேகம். "பின்பக்கத் தளர்ச்சிக்கு மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. மருத்துவக் காரணம் இல்லையெனில் டிரைவர் கோரும் கூடுதல் லீவு எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிவிக்கவும்."

தட்டச்சரைக் கூப்பிட்டேன்.

"டிரைவருக்கு இடுப்பு வலின்னு ஆபீசுக்கே தெரியும் சார்," என்றார் அவர். "நீங்கதான் கொஞ்சம் மரியாதையா 'பின்பக்கம்'னு எழுதியிருக்கியன்னு நினைச்சேன்."

திருத்தக் கடிதம் ஒன்று தயார் செய்தேன். அது என் மேஜையில் இருக்கும்போதே ஜீப் படுத்துவிட்டது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் போல்ட் மணல்பாதையில் அறுந்து, அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து, வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்து ஓடிப் பீப்பாய் இரண்டையும் உருட்டிவிட்டது. அன்று முழுவதும் கொட்டகையில் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை குளியாட்களின் தலைவர் நேராக என் மேஜைக்கு வந்தார். உப்புக் காய்ந்து வெளுத்த உதடு.

"முப்பது பேரு நாக்கு வறண்டு கெடக்கோம். என்ன சார், ஒங்க காயிதத்தக் கரைச்சுக் குடிக்கச் சொல்லுதியளா?"

டிரைவரைப் பார்த்தேன்.

"நான் இன்னைக்கு உப்பளத்துப் பக்கம் ஒரு வேலையாப் போறேன். வண்டி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரிஞ்சுபோச்சுன்னா என் வேலை போயிருமே சார்?"

"போகும். தெரியாம இருக்கத்தான் போறேன்."

வண்டி கடற்கரைச் சாலைக் கொல்லர் பட்டறையில் நின்றது. நான் உப்பளத்துக்குப் போகும் வழி அந்தப் பட்டறை வழியாகத்தான் என்பது என் குற்றமில்லை. லாரிப் பட்டை ஒன்றை நெருப்பில் சிவக்க வைத்து, மற்றப் பட்டைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துக்கொண்டிருந்தார் கொல்லர். பக்கத்தில் கடல் தண்ணீர் வாளி இருந்தது. டிரைவர் அதைக் காலால் தள்ளினார்.

"இதுல முக்காதியும் வே, வெடிச்சிரும். எண்ணெயில முக்கும்."

"எனக்கே சொல்லித்தாரியா? நீ பர்மாவுல வண்டி ஓட்டுன காலத்துல நான் இங்கன கப்பலுக்கு நங்கூரம் அடிச்சேன். தள்ளி நில்லு!"

பக்கத்துக்கு ஒன்றாகப் புதுப் பட்டைகள் உள்ளே போயின. நடுப் போல்ட் நீளமானதாக மாறியது. பட்டைகளை அச்சோடு இறுக்கும் வளைந்த போல்ட்டுகளும் மாறின. மூன்று மாற்றங்கள், விதி பதினொன்றின்படி மூன்று குற்றங்கள். மாலையில் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல் கொட்டகை போய்ச் சேர்ந்தது.

இப்போது திருத்தக் கடிதத்தை அனுப்ப முடியாது. ஸ்பிரிங்குக்கு அனுமதி கேட்டால் ஸ்பிரிங்கைப் பார்க்க ஆள் வரும். பார்த்தால் டிரைவர் துறைமுகத்துக்குப் போவார். ஆனால் லீவுக்கான கடிதம் சென்னையில் உயிரோடு இருந்தது. அன்றிரவு அலுவலகத்தில் யாரும் கேட்காத ஒரு விதி எனக்கு ஞாபகம் வந்தது: சம்பளத்துடன் கூடிய லீவு நிரந்தர ஊழியருக்கு மட்டுமே. ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கக் காரணம் எழுத வேண்டும். அனுமதிக்க அது வேண்டாம். சென்னை எந்தப் பக்கம் சாயும் என்பது இருபது வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியும். "கோரப்படுவது சம்பளத்துடன் கூடிய ஒருநாள் லீவு. டிரைவரை நிரந்தரமாக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால், முதலில் அதன்மீது உத்தரவிட்டு, பிறகு இதைப் பைசல் செய்யலாம்" என்று எழுதினேன். பிழை என்று தெரிந்தே நான் அனுப்பிய கடிதம் என் உத்தியோக வாழ்வில் அது ஒன்றுதான். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டேன்.

சுதந்திரம் வந்தது. பதில் வரவில்லை. அடுத்த சங்குப் பருவத்தில் ஆய்வு அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். ஜீப்பில் கொட்டகைக்குப் போக வேண்டும் என்றார். டிரைவர் என்னைத் தனியே இழுத்துப் போனார். காலி வண்டியில் அந்தப் பத்துப் பட்டைகள் மனிதனைக் கூரைவரை தூக்கியடிக்கும்.

"தூக்கிப் போட்டா கீழ குனிஞ்சு பாத்துருவாரு சார். டிசம்பர் வரைக்கும்கூட வைக்க மாட்டாக."

"பீப்பாயை நிரப்பும்," என்றேன்.

நிரம்பிய பீப்பாய்களோடு ஜீப் மணலில் படகு மாதிரிப் போனது. "சென்னையில் என் கார் இப்படிப் போவதில்லை," என்றார் அதிகாரி. திரும்பும்போது பீப்பாய்கள் காலியாகிவிடும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. யோசித்தவர் குளியாட்களின் தலைவர். "இன்னைக்குத் தண்ணி போதும் சார், கொண்டு போங்க," என்று சொல்லி அவர் பீப்பாயைத் தொடக்கூட இல்லை. பழைய தண்ணீரை வைத்து அன்று முப்பது பேரும் சமாளித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அலுவலகத்தில் அதிகாரி பட்டியலை எடுத்துச் சரிபார்த்தார். டயர் ஐந்து, ஜாக்கி ஒன்று, ஸ்பிரிங் நான்கு. குனிந்து எண்ணினார். நான்குதான் இருந்தன. பட்டைகளை எண்ணச் சொல்லி எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. "யாவும் விதிப்படி" என்று எழுதிவிட்டு ரயிலேறினார்.

லீவுக் கடிதத்துக்கு அதன்பின்னும் பதில் வரவில்லை. அக்டோபரில் தற்காலிக ஊழியர்களை நீக்கும் சுற்றறிக்கை வந்தது. டிரைவர் அதைத் தட்டச்சரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், போய் வண்டியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய வண்டி.

பிறகு ஒரு காலையில் தபாலில் ஓர் உறை வந்தது. மாட்சிமை தங்கிய மன்னரின் பணி என்று அச்சிட்டிருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். டிரைவர், பணியில் சேர்ந்த நாள் முதல் நிரந்தரமாக்கப்படுகிறார். அவர் கோரிய கூடுதல் லீவு, ஒருநாள், அனுமதிக்கப்படுகிறது. அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். டிரைவர் உட்கார நாற்காலி தேடினார். அலுவலகத்தில் என் எதிரே அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நான் முத்திரையை எடுத்து, மையில் தொட்டு, உத்தரவின் மேல் மூலையில் குத்தினேன்: வரவு, 9 நவம்பர் 1948.