இருந்தது இருந்த இடத்தில்

தொல்லியலில் முதுகலை படித்தவள் நான். பிழைப்பு, வீடு காலி செய்து கொடுப்பது. நெய்வேலியில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஓய்வு பெற்றால் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஏதாவது ஒரு பிளாக்கில் யாராவது கண்கலங்கிக்கொண்டே பாத்திரம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

படிப்புக்கேற்ற வேலைக்கு அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஓர் அகழாய்வுக் குழியில் தற்காலிகமாகக் கொஞ்சநாள் உட்கார்ந்தேன், அதோடு சரி. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதில் ஒரே சிரிப்பு. “நாங்க ஒரு ஷிப்ட்டுல தோண்டிப் போடறத நீங்க வருசம் பூரா பிரஷ்ஷால கூட்டிக்கினு இருக்கீங்க. இதுக்கு ஒரு டிகிரி வேற!” என்பார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் காலி செய்தபோது என்னை உதவிக்கு அனுப்பியதும் அவர்தான். குழியில் பழகிய பழக்கம், எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்தேன். எந்தச் சுவர், எந்தத் தட்டு என்று வரைந்துகொண்டு பெட்டிகளுக்கு எண் போட்டேன். புது வீட்டில் இறக்கியபோது உப்பு ஜாடிகூடப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது. அந்த வீட்டம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் தொழிலதிபர் ஆனேன்.

ஓய்வு பெறுவதற்குள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கு அதற்கு முன்பே நினைவு தடுமாற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அப்பா இறந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. அழுதாள், சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. இடம் மாறினால் இன்னும் தடுமாறுவார்கள் என்றார் டாக்டர். இதற்குத்தானே ஐயா நான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வடலூரில் அப்பா கட்டி வைத்திருந்த வீடும் குவார்ட்டர்ஸ் மாதிரியேதான் இருந்தது. வேறு மாதிரி வீட்டை அவருக்கு நினைக்கவே தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் வைத்தேன். ஜன்னலோரம் அவர் நாற்காலி, கதவுக்குப் பின்னால் ஹெல்மெட், அடுப்படித் தட்டில் டிபன் கேரியர். என் தொழிலில் அவ்வளவு சுத்தமாக வேறு எந்த வீட்டையும் செய்ததில்லை.

அம்மா உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. சமைத்தாள். இரண்டு மணி தாண்டியதும் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“மொத ஷிப்ட்டு வுட்டுருப்பாங்களே. அப்பாவ இன்னும் காணமே?”

“அப்பா இல்லம்மா. செத்துப்போயிட்டாரு” என்றேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவள்போல் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். மறுநாளும் அதே கேள்வி, அதே கதறல். பெற்றவளுக்கு ஒரே சாவை எத்தனை தடவை சொல்வது? “அவருக்கு ஓ.டி.ம்மா, அடுத்த ஷிப்ட்டும் பாக்குறாரு” என்று சொல்லத் தொடங்கினேன். “ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?” என்று அவரைத் திட்டிக்கொண்டே சோற்றை மூடி வைத்தாள். தானும் சாப்பிடாமல் காத்திருந்தாள்.

அவள் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. வீடு அவர் இருந்தபடியே இருப்பதால்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. பக்கத்து வீட்டுப் பெண் அவளை வள்ளலாரின் ஞானசபைக்குக் கூட்டிப் போயிருந்த ஒரு மாலையில் வீட்டையே கலைத்தேன். நாற்காலியைப் பின்னறைக்கு இழுத்தேன், கட்டிலைத் திருப்பிப் போட்டேன், ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அவரை நானே வெளியே அனுப்புவதுபோல் இருந்தது. அழுதுகொண்டேதான் செய்தேன்.

திரும்பி வந்த அம்மா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

“ஆரு வூடும்மா இது? நம்ம வூட்டுக்குப் போவலாம் வா. அவரு வந்து பூட்டுன கதவப் பாத்துக்கினு நிப்பாரு, பாவம்.”

கையைப் பிடித்து இழுத்ததும் கத்தினாள். படியிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். நாற்காலி, கட்டில், ஹெல்மெட். வரைபடம் தேவைப்படவில்லை. பிறகு வெளியே வந்து, “வாம்மா, நம்ம வீடு வந்திடுச்சு” என்றேன்.

உள்ளே வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அப்பா வர்லியா இன்னும்?”

“ஓ.டி.ம்மா” என்றேன்.